புற்றிடம் கேட்ட அனுமதி

நான் கட்டியவை: பெருநகர் கிராமத்துப் பக்கம் இரண்டு தண்ணீர்த் தொட்டிகள், ஏரிக் கால்வாய்மேல் ஒரு சிறுபாலம், ஒரு கல்யாண மண்டபம், மின்கோபுரங்களுக்கு அடித்தளம் எத்தனையோ. படித்தது மூன்றாம் வகுப்பு. சாந்துச் சட்டி தூக்கி மேஸ்திரி ஆனவன். வரைபடத்தைத் தலைகீழாகக் கொடுத்தாலும் வாசிப்பேன். இன்ஜினியர்கள் சிலர் அப்படித்தான் கொடுப்பார்கள்.

காவாந்தண்டலம் பக்கம் சோலார் மின்சாரத்தைக் கொண்டுபோகக் கோபுரங்கள் வந்தன. ஒன்றுக்குக் குறித்த இடத்தில் இருளர்களின் புற்று இருந்தது. அவர்களுக்கு அந்தப் புற்றேதான் கன்னியம்மா. சிலை, கட்டடம் எதுவும் கிடையாது. அதை விட்டால் அடுத்த இடம் என் வேர்க்கடலைக் கொல்லை.

"தள்ளி டைல்ஸ் போட்டு கோயிலே கட்டித் தர்றேம்பா" என்றேன்.

"டைல்ஸுல எந்தப் பாம்பு வந்து குந்தும் மேஸ்திரி?" என்றார் இருளர் பூசாரி. "இந்த மண்ணுதான் எங்க ஆத்தா. அவளைப் பேத்துக்கினு எங்க போவ?"

நான்தான் வழி சொன்னேன்: பூப்போட்டு அவளையே கேட்போம். சிவப்பு ஒரு பொட்டலம், வெள்ளை ஒரு பொட்டலம். இன்ஜினியரும் ஒத்துக்கொண்டார். எங்கள் குலதெய்வத்துக்கு வெள்ளை வந்தால் சம்மதம். சாமிக்கு ஏன் வீண் சிரமம் என்று, பொட்டலம் கட்டிய நான் இரண்டிலும் வெள்ளையே வைத்தேன்.

பூசாரி கண்ணை மூடி ஒன்றை எடுத்துப் பிரித்தார். வெள்ளை. நான் கும்பிட்டேன். அவரும் கண்கலங்கிக் கும்பிட்டார்.

"பாத்தியா மேஸ்திரி, வோணாம்னுட்டா!"

"இன்னாபா சொல்ற? வெள்ளைன்னா சரின்னுதானே?"

"அது உங்க சாமிக்கு. எங்க ஆத்தாளுக்குச் செவப்புதான் சம்மதம். நீ கேக்கவே இல்லியே."

இன்ஜினியர் என்னைப் பார்த்தார். "நீங்க சொன்ன ஐடியாதானே மேஸ்திரி?"

இன்னொரு பொட்டலத்தையும் பிரிக்கச் சொல்லலாம் என்றால் அதிலும் வெள்ளை. எடுத்து மடியில் செருகிக்கொண்டேன். பத்தே நாளில் என் கொல்லையில் குழி. அடித்தளமும் நானே போட்டேன்; பிசகில்லாத வேலை.

இந்த வருஷத் திருவிழா பேனரில் கன்னியம்மாவின் சக்தி என்கிறார்கள். இன்ஜினியருக்கு நன்றி என்கிறார்கள். பூசாரிக்கு மாலையாம். ஒருவர் வாயிலும் நான் இல்லை. ஒழுங்காக ஒரு சிவப்பு வைத்திருந்தால் அது வந்திருக்காது என்று யார் கண்டது? அவள் சொல்ல வேண்டியதைத் தப்பாமல் சொல்லவைத்தவன் நான். ஆகவே கேட்கிறேன்: பேனரில் கன்னியம்மாவுக்குக் கீழே, இன்ஜினியருக்கு மேலே, கொட்டை எழுத்தில் என் பெயரைப் போடுங்கள்.