ஏழரைச் சனியும் இரண்டு திருகாணிகளும்

எனக்கு ஏழரைச் சனி நடக்கிறது என்று மொன்ட்ரியலில் என்னைத் தெரிந்த எல்லோருக்கும் தெரியும். எனக்குத்தான் அது தெரியாது. என் சாதகம் யாழ்ப்பாணத்தில் வீட்டோடு சேர்ந்து போய்விட்டது. எந்த ராசியில் பிறந்தேன் என்று கேட்டால் இன்றைக்கும் முழிப்பேன். என்றாலும் சனிக்கிழமைகளில் ஒருவர் வீட்டிலும் கை நனைக்காத மனிதன் என்று எனக்கு ஒரு பெயர் இருந்தது. சிலர் காலில் விழாத குறை.

இதைத் தொடக்கி வைத்தது ஒரு முறுக்கு. சென்ட் லோரன்டில் மருந்துப் பெட்டி அடுக்கும் தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த ஒருவர், வயதில் இளையவர், பக்கத்து நகரமான லவாலில் வீடு வாங்கினார். மனைவி இறந்த பிறகு தனியாக இந்த நாட்டுக்கு வந்த எனக்கு இந்த நகரத்தில் சொந்தம் என்று சொல்ல அந்த வீடு ஒன்றுதான். சனிக்கிழமைகளில் அங்கே போவேன். அப்படிப் போன ஒருநாள் முறுக்கைக் கடித்தேன். முறுக்கு உடையவில்லை. என் கீழ்த்தாடைக் கட்டுப்பல் அதோடு சேர்ந்து வெளியே வந்துவிட்டது. கையால் பொத்திக்கொண்டு குளியலறைக்கு ஓடினேன். பின்னால் பிள்ளைகள் பிரெஞ்சில் ஏதோ சொல்லிச் சிரித்தார்கள். என்னைப் பற்றியதா என்று தெரியவில்லை. என்னைப் பற்றியது என்றே வைத்துக்கொண்டேன்.

அடுத்த முறை அந்த நண்பரின் மனைவி கோப்பையில் சோறு போட வந்தபோது, "நான் விரதம் தங்கச்சி" என்றேன்.

"சனிக்கிழமையில என்ன விரதம் அண்ணை?"

"ஏழரைச் சனி நடக்குது."

அதோடு கதை முடிந்தது. எங்கள் ஆட்கள் எதற்கும் எதிர்க்கதை கதைப்பார்கள். கடவுள் இல்லை என்பவன்கூட சனீஸ்வரனோடு மட்டும் சோலிக்குப் போக மாட்டான். அந்தத் தங்கச்சி உடனே கோப்பையை எடுத்துக்கொண்டு போய், கழுவிய கிளாஸில் தோடம்பழச் சாறு கொண்டுவந்து தந்தாள். எனக்கு வந்த நிம்மதியைச் சொல்லி முடியாது. ஏழரை வருடத்துக்கு ஒருவரும் கேள்வி கேட்க முடியாத சாட்டு ஒன்று கிடைத்துவிட்டதே.

சாட்டு நல்லதுதான், ஆனால் அது என்னைத் தின்றது. எல்லோரும் மேசையைச் சுற்றி இருந்து எலும்பு கடித்துக்கொண்டு ஊர்க்கதை கதைப்பார்கள். நான் சோபாவில் கிளாஸோடு இருப்பேன். சாப்பிடாத மனிதனுக்கு முன்னால் சாப்பிட அவர்களுக்கும் கூச்சம். மெல்ல மெல்ல, சாப்பாடு முடிந்த பிறகு வரச்சொல்லிக் கூப்பிட்டார்கள். பிறகு கூப்பிடுவதே குறைந்தது. வேலையிலிருந்து ஓய்வு பெற்றதும் கோட்-டெ-நெய்ஜ் பகுதியில் இருந்த என் ஒற்றை அறையில், பாணைத் தேத்தண்ணியில் நனைத்துத் தின்றுகொண்டு, ஒருவரோடும் கதைக்காமல் ஒரு கிழமை போய்விடும். பல்லுப் போனால் சொல்லுப் போச்சு என்பார்கள். எனக்குச் சொல் இருந்தது. கேட்கத்தான் ஆள் இல்லை.

ஒருநாள் மெட்ரோ நிலையத்தில் ஒட்டியிருந்த அறிவித்தல் ஒன்றை வாசித்தேன். பல்கலைக்கழகப் பல் மருத்துவப் பகுதியில் ஓர் ஆராய்ச்சி. கீழ்த்தாடையில் ஒரு பல்லும் இல்லாத வயதானவர்கள் தேவை. கனடாவுக்கு வந்த நாளிலிருந்து, கேட்ட தகுதி முழுவதும் எனக்கு இருந்த விளம்பரம் அது ஒன்றுதான்.

அங்கே என்னைச் சந்தித்தவள் கலாநிதிப் பட்டத்துக்குப் படிக்கும் ஒரு கியூபெக் பெண். என் ஆங்கிலத்துக்காக அவளும், அவளுடைய ஆங்கிலத்துக்காக நானும் மெதுவாகப் பேசினோம். பல் போன பிறகு தாடை எலும்பு தேய்ந்துகொண்டே போகும் என்றாள். மேல் கட்டுப்பல் அண்ணத்தில் ஒட்டிக்கொள்ளும். கீழே பிடிமானம் கிடையாது, நாக்கும் சேர்ந்து தள்ளும். அதனால் தாடையின் முன்பக்க எலும்பில் டைட்டேனியத்தில் செய்த சின்னத் திருகாணிகளை வைக்கிறார்கள். கொஞ்ச மாதத்தில் எலும்பு வளர்ந்துவந்து அவற்றைத் தானே இறுக்கிப் பிடித்துக்கொள்ளும். பிறகு கட்டுப்பல்லை அவற்றின் மேல் கொளுவிவிடலாம். இரண்டே இரண்டு திருகாணி போதுமா, அதனால் வயதானவர்கள் நன்றாகச் சாப்பிடுகிறார்களா, உடம்பில் சத்து ஏறுகிறதா என்பதுதான் ஆராய்ச்சி.

வெளியிலிருந்து வந்த உலோகத்தை எலும்பு வேண்டாம் என்று தள்ளாதா என்று கேட்டேன். தள்ளாது, தன்னுடையது என்றே எடுத்துக்கொள்ளும் என்றாள். என்னுடைய அகதி வழக்கு இழுபட்டதை நினைத்துக்கொண்டேன். குடிவரவுக்காரரைவிட என் தாடை பரந்த மனசுள்ளது.

எல்லோருக்கும் திருகாணி கிடைக்காது. பாதிப் பேருக்குத் திருகாணி, மற்றவர்களுக்குப் புதிதாக ஒரு சாதாரணக் கட்டுப்பல். யாருக்கு எது என்பதைக் கணினி குருட்டுவாக்கில் முடிவு செய்யும். அதற்கு முன் சோதனைகள். கரட் துண்டை மென்று துப்பச் சொன்னார்கள். துப்பியதை அரிதட்டில் போட்டு, எவ்வளவு நொறுங்கியிருக்கிறது என்று பார்த்தார்கள். நொறுங்கத் தின்றால் நூறு வயது என்ற எங்கள் பழமொழிக்கு இவர்கள் அரிதட்டு வைத்துக் கணக்குப் பார்க்கிறார்கள் என்று சிரிப்பு வந்தது. என் கரட் போட்டபடியே கிடந்தது. சிரிப்பு நின்றுவிட்டது.

பிறகு கேள்விகள். கடைசியில் அவள் கேட்டாள்: "பல் காரணமாக மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுவதைத் தவிர்த்திருக்கிறீர்களா?"

"ஓம்" என்று தமிழில் சொன்னேன். பிறகு ஆங்கிலத்தில் சொன்னேன். முன்பின் தெரியாத பெண் ஒருத்தியிடம் சொன்ன அந்த ஒரு சொல்லைத் தெரிந்தவர்கள் ஒருவரிடமும் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. கண் நிறைந்துவிட்டது. அவள் கடதாசிக் கைக்குட்டையை என் பக்கம் தள்ளிவிட்டு யன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நல்ல வளர்ப்பு.

கணினி எனக்குத் திருகாணியைத் தந்தது. சத்திரசிகிச்சை அன்று, கூட்டிக்கொண்டு போக ஆள் வந்திருக்கிறதா என்று தாதி கேட்டாள். கீழே நிற்கிறார் என்று பொய் சொன்னேன். நண்பரைக் கேட்டிருந்தால் ஓடி வந்திருப்பார். ஆனால் அவருக்கு நான் விரதக்காரன், பல்லில்லாதவன் அல்ல. விறைத்த வாயோடு பஸ்ஸுக்கு நின்றேன். கன்னத்துக்கு ஐஸ் வைக்கச் சொல்லியிருந்தார்கள். தெரு முழுக்க அதுதான் கிடந்தது.

எலும்பு பிடிப்பதற்கு நான் காத்திருந்த மாதங்களில் நண்பருக்கு மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரி நடைபாதையில் அவர் மனைவி என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணை, நீங்கள் சனிக்கிழமைகளில பிடிக்கிற விரதத்தில இவரையும் நினைச்சுக்கொள்ளுங்கோ. உங்கட நேத்திக்குப் பலன் இருக்கு."

"ஓம் தங்கச்சி, கட்டாயம்" என்றேன். அந்த இடத்தில் வேறு என்ன சொல்ல முடியும்? அன்றைக்கும் சனிக்கிழமைதான். வீட்டுக்கு வந்து பாலில் கரைத்த கஞ்சியை வயிறு முட்டக் குடித்தேன். நெஞ்சைத் திறந்து சத்திரசிகிச்சை செய்தார்கள், நண்பர் பிழைத்துக்கொண்டார். டொக்டர்மார் நல்ல கெட்டிக்காரர்கள்.

இளவேனில் வந்தபோது கட்டுப்பல்லைக் கொளுவினார்கள். 'டக்' என்று ஒரு சத்தம். நாக்கால் தள்ளிப் பார்த்தேன், அசையவில்லை. வீட்டுக்கு வரும் வழியில் டெப்பனர் என்கிற மூலைக்கடையில் வறுத்த கச்சான் கடலைப் பொதி ஒன்று வாங்கி, அறைக்குள் நின்றபடியே முழுவதையும் தின்று தீர்த்தேன். சந்தோசம் தாங்க முடியவில்லை. தொலைபேசியைக் கையில் எடுத்தேன். எவரைக் கூப்பிட்டு என்ன சொல்வது? கச்சான் தின்கிறேன் என்றா? திரும்ப வைத்துவிட்டேன். அதற்குப் பிறகு ஆட்டுக்கறி, பொரித்த மீன், கொய்யாப்பழம் என்று எல்லாம் தின்றேன். எல்லாவற்றையும் சுவரைப் பார்த்துக்கொண்டுதான் தின்றேன்.

சில மாதம் கழித்து மறுபரிசோதனைக்குப் போனேன். கரட் பொடிப்பொடியாகக் கிடந்தது. அந்தப் பெண் அரிதட்டைத் தூக்கிக் காட்டிச் சிரித்தாள். பிறகு அதே கேள்விகள். மற்றவர்களோடு சேர்ந்து சாப்பிடுகிறீர்களா என்றபோது, "இன்னும் இல்லை. வருகிற சனிக்கிழமை" என்றேன். அவள் பேனையைக் கீழே வைத்துவிட்டுக் கைதட்டினாள்.

அந்தச் சனிக்கிழமை நண்பர் வீட்டில் மத்தியானச் சாப்பாடு. அவர் உயிர் தப்பியதற்கு நன்றியாகப் படையல் வைத்து, எல்லோரையும் கூப்பிட்டிருந்தார்கள். நான் எல்லாம் யோசித்து வைத்திருந்தேன். மரியாதை கெடாமல் வெளியே வர வழி இருந்தது: "சனி மாறிட்டுது தங்கச்சி, இனி நான் சாப்பிடலாம்." அவ்வளவுதான். காலையில் வேண்டுமென்றே ஒன்றும் சாப்பிடாமல், மெட்ரோவில் ஆரஞ்சுப் பாதைக்கு மாறி, லவால் வரும்வரை இந்த வசனத்தைச் சொல்லிப் பார்த்துக்கொண்டே போனேன். அப்போதுதான் அந்தப் பாதை லவால்வரை நீண்டிருந்தது. முன்பென்றால் பஸ்ஸும் மாறியிருக்க வேண்டும்.

வாசலிலேயே வடை மணத்தது. உள்ளே வாழையிலை போட்டு ஆட்கள் இருந்தார்கள். நண்பர் இளைத்துப் போய்க் கதிரையில் இருந்தார். நான் அவருக்குப் பக்கத்து இலையைக் கண்ணால் பிடித்துவிட்டேன். அப்போது அவர் மனைவி என்னை எல்லோருக்கும் முன்னால் நிறுத்தினாள்.

"இந்த அண்ணை விரதம் பிடிச்சுத்தான் இவர் எழும்பினவர். பெத்த தாய்கூட இப்பிடிச் செய்யாது."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். நான் சொல்ல வாயைத் திறந்தேன். அதற்குள் நண்பர் என் கையைப் பிடித்துவிட்டார். அவருடைய விரல்கள் குளிர்ந்திருந்தன.

"அண்ணை, வாற கிழமை திரும்பவும் நெஞ்சைத் திறக்கோணுமாம். இவளுக்கு இன்னும் சொல்லேல்லை" என்று எனக்கு மட்டும் கேட்கச் சொன்னார். "எனக்குப் பயமாயிருக்கு. அது முடியுமட்டும் விரதத்தை விட்டிடாதேங்கோ."

அவருக்குக் கோவில் குளத்தில் பெரிய நம்பிக்கை இல்லை. தொழிற்சாலையில் என் சனியைச் சொல்லிப் பகிடி பண்ணியவர் அவர். அப்படிப்பட்ட மனிதனின் கண்ணில் அன்று பகிடி இல்லை.

"விடமாட்டன்" என்றேன்.

தோடம்பழச் சாறு வந்தது. சோபாவில் இருந்தேன். அப்பளம் நொறுங்கும் சத்தம் அறை முழுக்கக் கேட்டது. என் வாயில் அசையாத பல் இருந்தது, வயிற்றில் பசி இருந்தது, பத்தடி தூரத்தில் இலை ஒன்று வெறுமையாகக் கிடந்தது. முன்பெல்லாம் அந்தச் சோபாவில் எனக்கு வெட்கம்தான் இருக்கும். அன்றைக்கு இருந்தது சுத்தமான ஆசை. எழும்பிப் போய் உட்கார்ந்துவிடலாமா என்று எத்தனையோ தரம் நினைத்தேன். நண்பர் அடிக்கடி திரும்பி என்னைப் பார்த்துக்கொண்டிருந்தார். நான் சாற்றையும் குடிக்காமல் வைத்துவிட்டேன்.

பின்னேரம் என் அறைக்கு வந்தேன். முதல்நாள் சமைத்த மீன்குழம்பு குளிர்பெட்டியில் இருந்தது. சூடாக்கினால் போதும், பார்க்க ஒருவரும் இல்லை. கதவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினேன். பசி காதை அடைத்தது. சுவாமிப் படம் ஒன்றும் இல்லாத அறையில், எப்படி வேண்டுவது என்றும் தெரியாமல், நண்பரின் பெயரை மட்டும் வாய்விட்டுச் சொல்லிக்கொண்டு இருந்தேன். மறுநாள் காலையில்தான் சாப்பிட்டேன். என் வாழ்க்கையில் நான் உண்மையாகப் பிடித்த விரதம் அது ஒன்றுதான். அதைப் பற்றி ஒருவருக்கும் தெரியாது.