யோகலிங்கத்தின் வாய் மணம்

அக்கராயன் பக்கம் யோகலிங்கம் என்றால் கள்ளச்சாராயமான கசிப்புப் போத்தலும் கூடவே ஞாபகம் வரும். வரம்பில் விழுந்து கிடந்தவனை மாடு நக்கி எழுப்பியதாக ஒரு கதை. நக்கிய மாடு தள்ளாடியதாக இன்னொரு கதை. அவன் குடியை விட்டுச் சில போகங்கள் ஆகிவிட்டன. ஊர்தான் விடவில்லை.

ஊர் வாயை மூட வைக்க அவனுக்கு ஒரே வழிதான் தெரிந்தது: சூரன்போரன்று சூரன் சிலையைச் சுமக்கும் முன்தடிக்குத் தோள் கொடுப்பது. அது வருசாவருசம் மனைவியின் தமையன் இளையதம்பியின் இடம். விரதத்தைச் சரியாகப் பிடிப்பவனுக்கே தடி என்று கோயில் சபைத் தலைவர் அப்புத்துரை சொல்லிவிட்டார். சஷ்டி முழுவதும் யோகலிங்கம் பச்சைத்தண்ணீர் மட்டும் குடித்தான்.

சூரன்போரன்று தடியில் கை வைத்தான். இளையதம்பி மூக்கைச் சுளித்தான்.

"மணக்குதடா! குடிச்சிட்டு வந்து சூரனில கை வைக்கிறியோ?"

"தண்ணியைத் தவிர ஒண்டும் தொடேல்லை."

"எந்தத் தண்ணி?"

கூட்டம் சிரித்தது. யோகலிங்கம் மனைவி இராசேஸ்வரியைப் பார்த்தான். அவள் நிலத்தைப் பார்த்தாள்.

"காலமை எனக்கும் மணந்ததுதான்," என்றாள் மெதுவாக.

அவளுடைய தங்கை பிரியந்தினி, வவுனியாவில் தாதியாக இருப்பவள், கிட்டப் போய் முகர்ந்தாள்.

"இது சாராயமில்லை. நகத்துக்குப் பூசிற கியூட்டெக்ஸ் மாதிரி மணம். சாப்பாடு இல்லாட்டி உடம்பு சேர்த்து வைச்ச கொழுப்பை எரிக்கும். அதில வாற ஒண்டு மூச்சோட வெளியில வரும். கொழுப்போட நிக்காது அத்தான், தசையையும் உடைச்சுச் சீனியாக்கும். கால் நடுங்கேல்லையோ?"

"இவனுக்குக் கொழுப்பெண்டு நான் எப்பவோ சொன்னனான்," என்றான் இளையதம்பி.

யோகலிங்கம் அவன் முகத்துக்கு நேரே போனான். "அப்ப பட்டினி கிடந்த வாய் மணக்க வேணும். நீயும் தண்ணியோடதானே இருந்தனீ? ஊதடா!"

இளையதம்பி வாயை இறுக்கிக்கொண்டான். பின்னால் நின்ற விரதக்காரர் சிலர் சால்வையால் வாயைப் பொத்தினார்கள்.

"ஊதும்," என்றார் அப்புத்துரை.

ஊதினான். உளுந்துவடை மணந்தது. வெங்காயமும் தாராளமாக.

முன்தடி யோகலிங்கத்துக்குக் கிடைத்தது. மேளம் முழங்க, சூரன் ஒரு ஆட்டு ஆடினான். யோகலிங்கத்தின் முழங்கால்கள் கழன்றவை போல மடிந்தன. சூரன் தலைகுப்புறச் சரிய, இளையதம்பி பாய்ந்து தடியைத் தோளில் ஏந்தினான்.

"பாரடா, வடைதான் தாங்குது!" என்றது கூட்டத்தில் ஒரு குரல்.

கோயில் வீதி முழுக்கச் சிரிப்பு. சூரன் இளையதம்பியின் தோளில் போய்விட்டான். மணலில் கிடந்தவனின் வாயருகே இராசேஸ்வரி சீனித்தண்ணீரைக் கொண்டுவந்தாள். யோகலிங்கம் தட்டிவிட்டான்.

"அவங்கள் சொல்லட்டும். நீயும் மணந்து பாத்தனிதானே."

தம்ளர் உருண்டது. பிரியந்தினி இன்னொன்று கரைக்கப் போனாள்.