மதினி காவல் காத்த தண்ணீர்

நான் உயிரோடிருப்பது என் மதினியின் புண்ணியம் என்று சின்னக்கானல் பக்கத்துப் பழைய ஆட்கள் இன்றும் சொல்வார்கள். அது பாதி உண்மை. மீதிப் பாதியை இத்தனை வருஷமும் தள்ளிப்போட்டே வந்தேன். எதையெதையோ எழுதிப் புத்தகமாக்கியவனுக்கு இதை எழுத மட்டும் கை வரவில்லை.

பிழைப்புத் தேடித் தென்காசிப் பக்கத்திலிருந்து கிளம்பி, போடிமெட்டு வழியாக நடந்தே சூரியநெல்லிக்கு வந்தவர்கள் நாங்கள் மூன்று பேர்: அண்ணன், மதினி, நான். எனக்கு அப்போது இருபது வயது தாண்டியிருந்தது. அண்ணனுக்குத் தேயிலைச் செடிகளைக் கவ்வாத்து வெட்டுகிற வேலை. மதினிக்குக் கொழுந்தெடுப்பு. எனக்கு ஃபாக்டரியில் வேலை. குடியிருக்க, கூலியாட்களின் வரிசை வீடுகளான லயத்தில் ஒரே ஓர் அறை கொடுத்தார்கள். மதினி இரண்டாந்தாரமாக வந்தவள். மூத்தவள் செத்த ஈரம் காய்வதற்குள் வந்து உட்கார்ந்துகொண்டாள் என்று லயத்துப் பெண்களுக்கு அவள்மேல் இளக்காரம். அவள் தண்ணீர் பிடிக்கப் போனால் அங்கே பேச்சு நின்றுவிடும். அதையெல்லாம் அவள் முகத்தில் காட்டிக்கொள்ள மாட்டாள்.

அடைமழையில் வாந்திபேதி வந்தது. எங்கள் வீட்டில் முதலில் விழுந்தவன் நான். தோட்டத்து ஆஸ்பத்திரிக்குத் தெரிந்தால் தனிக் கொட்டகையில் கொண்டுபோய்ப் போட்டுவிடுவார்கள் என்று பயந்து, வெறும் காய்ச்சல் என்று சொல்லி மதினி என்னை அறையிலேயே வைத்துக்கொண்டாள். வாந்திபேதிக்காரனுக்குத் தண்ணீர் கொடுத்தால் ஆள் தேறமாட்டான் என்பது அன்று எல்லாருடைய நம்பிக்கையும்தான். அவள் குடங்களையெல்லாம் பக்கத்து வீட்டில் வைத்துவிட்டாள். தண்ணீர் ஊற்றுகிற சத்தம் என் காதில் விழக்கூடாது என்று சமையலைக்கூட அங்கேயே செய்தாள். ஒரு கரண்டி சுக்குக் கஷாயம் தருவாள், அவ்வளவுதான். நான் கெஞ்சினேன். கெட்ட வார்த்தையால் திட்டியும் பார்த்தேன்.

"திட்டு தம்பி, நல்லாத் திட்டு. நீ பொழச்சு எந்திரிச்சு வந்து இன்னும் நாலு வார்த்த திட்டு," என்றாள். கண் கலங்கியிருந்தது. ஆனால் தண்ணீர் தரவில்லை.

மறுநாள் காலையில் அவளும் அண்ணனும் மலைக்கு வேலைக்குப் போனதும் ஊர்ந்து வெளியே போனேன். லயத்துக்குப் பின்னால் பாத்திரம் கழுவ ஓடைத் தண்ணீரை மூங்கில் வைத்துத் திருப்பிவிட்டிருப்பார்கள். அதன் கீழே மல்லாந்து படுத்து வாயைத் திறந்தேன். குடித்ததெல்லாம் வாந்தியாக வந்தது. மறுபடி குடித்தேன். அன்று மூன்று தடவையோ நான்கு தடவையோ அப்படிப் போய்வந்தேன். ஓடைத் தண்ணீர்தான் நோயையே கொண்டுவந்திருக்கும் என்றும், ஆனால் உடம்பில் நீர் வற்றித்தான் ஆட்கள் செத்தார்கள் என்றும் வெகுகாலம் கழித்து ஒரு டாக்டர் எனக்கு விளக்கினார். அன்று எனக்குத் தெரிந்ததெல்லாம், குடித்தேன், பிழைத்தேன் என்பதுதான்.

சாயந்தரம் வந்த மதினி என் முகத்தில் தெளிவைப் பார்த்துவிட்டு வாசற்படியிலேயே உட்கார்ந்து அழுதாள். "ஒரு சொட்டுத் தண்ணி காட்டல, எம் பிள்ளைய மீட்டுட்டேன்!" என்று லயம் முழுக்கக் கேட்கச் சொன்னாள். அதுவரை அவளிடம் முகம் கொடுத்துப் பேசாத பெண்களெல்லாம் வந்து அவள் கையைப் பிடித்துக்கொண்டார்கள். நான் வாயைத் திறக்கவில்லை. முதலில் பயம்; திட்டுவாளே என்று. பிறகு தாட்சண்யம். அவளுக்கு அந்த மலையில் கிடைத்த முதல் மரியாதையை நான் எப்படிக் கெடுப்பேன்? இப்படி நானே எனக்குச் சமாதானம் சொல்லிக்கொண்டேன். சமாதானம் சொல்லிக்கொள்வதில் நான் கெட்டிக்காரன்.

அதற்குப் பிறகு யார் வீட்டில் வாந்திபேதி என்றாலும் மதினியைத்தான் காவலுக்குக் கூப்பிட்டார்கள். சிலர் பிழைத்தார்கள், சிலர் போய்விட்டார்கள். போனவர்களுக்கு வீட்டு ஆட்களே தெரியாமல் தண்ணீர் கொடுத்திருப்பார்கள் என்று அவள் நம்பினாள். எங்களுக்கு மூன்று வீடு தள்ளி ஒரு பெண் காலையெல்லாம் தண்ணீர், தண்ணீர் என்று கத்தினாள். எனக்குக் கேட்டது. நான் தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஃபாக்டரிக்குப் போய்விட்டேன். திரும்பி வந்தபோது சத்தம் இல்லை. அந்தப் பாவம் என்னுடையது. அதில் மதினிக்குப் பங்கு கிடையாது.

அடுத்த வருஷ மழையில் மதினியே விழுந்தாள். அண்ணன் சுக்கு வாங்கக் கடைக்குப் போயிருந்த நேரத்தில் ஒரு செம்புத் தண்ணீரோடு அவள் தலைமாட்டில் உட்கார்ந்தேன்.

"குடிங்க மதினி."

தலையை ஆட்டினாள். "ஒன்னைய எப்படிக் காப்பாத்துனேன்? மறந்துட்டியா?"

அப்போது சொன்னேன். மூங்கில் தண்ணீர், ஊர்ந்து போனது, எத்தனை தடவை போனேன் என்பது, எல்லாவற்றையும் சொன்னேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன். அவள் குழி விழுந்த கண்ணால் என்னையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டுச் சிரித்தாள்.

"என்னையக் குடிக்க வைக்க இப்படி ஒரு பொய்யா? மனசு தாங்காமச் சொல்லுத. நானும் அன்னைக்கு இப்படித்தான் கெடந்து தவிச்சேன். பொறு தம்பி. நான் பொழச்சுக்கிடுவேன்."

"பொய் இல்ல மதினி, சத்தியமா."

அவள் பல்லை இறுகக் கடித்துக்கொண்டாள். தாடையைப் பிடித்து ஊற்றப் பார்த்தேன். தண்ணீர் கன்னத்திலும் கழுத்திலும் வழிந்ததே தவிர, ஒரு மிடறுகூட உள்ளே போகவில்லை. அதற்குள் அண்ணன் வந்து செம்பைப் பிடுங்கிக்கொண்டார்.

மதியத்துக்குள் எல்லாம் முடிந்துவிட்டது. நனைந்த ரவிக்கையைப் பார்த்த பெண்கள், கொழுந்தன் தண்ணீர் கொடுத்துக் கெடுத்துவிட்டான், இல்லையென்றால் பிழைத்திருப்பாள் என்று பேசிக்கொண்டார்கள். அண்ணனிடமாவது உண்மையைச் சொல்லிவிட வேண்டும் என்று காரியமெல்லாம் முடிந்த பிறகு சொன்னேன். அவர் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை.

"அவ ஒன்னையக் காப்பாத்துனதையும் இல்லன்னு ஆக்கப் பாக்கியால? செத்தவளயும் விடமாட்டியா?"

அதன் பிறகு பத்து வருஷத்துக்கு மேல் அதே அறையில் ஒன்றாகத்தான் இருந்தோம். சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது அவருக்கு விக்கல் எடுக்கும். குடம் என் கைக்கு எட்டுகிற தூரத்தில் இருக்கும். அவர் எச்சில் கையோடு எழுந்து, என்னைச் சுற்றிக்கொண்டு போய், தானே மொண்டு குடிப்பார்.