ஓரம் மெத்தான தகடு

டார்லிஸ் ஹோவ்லாண்ட் துப்பாக்கி சுடுவதற்கான இரும்பு இலக்குத் தகட்டைக் கடையில் வாங்கி ஒருநாளும் மாட்டியதில்லை. பள்ளிக்கூடச் சமையல் வேலை முடிந்ததும் கொட்டகைக்குள் போய்த் தானே செய்துவிடுவாள். வயோமிங்கின் அந்தச் சிற்றூரில் வேறு யாருக்கும் அவள் பொறுமை வராது என்பது அண்ணன் லைலின் எண்ணம். கேட்காதவர்களிடமும் அதைச் சொல்வான்.

தகட்டின் நிறத்தையோ விற்கிறவன் பேச்சையோ அவள் நம்பமாட்டாள். அரத்தை இழுத்துப் பார்ப்பாள். அரம் கடித்தால் இரும்பு மெத்து. அதில் தோட்டா பட்டால் பள்ளம் விழும். அந்தப் பள்ளமே அடுத்த தோட்டாவின் துணுக்கைச் சுட்டவன் முகத்துக்குத் திருப்பியடிக்கும். அரம் வழுக்கினால்தான் தகடு அவள் கொட்டகைக்குள் நுழையும்.

இந்த இலையுதிர் காலத்தில், ஊர்த் தீயணைப்புப் படைக்கு நிதி திரட்டும் சுடும் போட்டிக்காக, குவாரி லாரித் தொட்டியின் அடித்தகடு கிடைத்தது. அரம் நன்றாக வழுக்கியது. ஆனால் தண்ணீரைப் பீய்ச்சித் தகடு வெட்டும் பட்டறையில் இயந்திரம் பழுது. போட்டியோ நெருங்கிவிட்டது. சூடு பட்டால் இரும்பு மெத்தாகும் என்று அவளுக்குத் தெரியும். ஆனாலும் ஓரத்தை மட்டும்தானே சூடு தொடும் என்று, கேஸ் தீயால் தானே வட்ட வட்டமாக வெட்டிவிட்டாள்.

போட்டிக்கு முதல் நாள் மாலை பக்கத்துப் பண்ணைக்காரர் வெண்டல் சுட்டுப் பார்த்தார். தகடுகள் கணீரென்று ஒலித்தன. திடீரென்று அவர் கன்னத்தைப் பிடித்துக்கொண்டார். விரலிடுக்கில் ரத்தம். காப்புக் கண்ணாடிக்குச் சற்றுக் கீழே கிழிந்திருந்தது.

“ஷேவ் பண்ணுறப்ப வெட்டிக்கிட்டேன்னு பொண்டாட்டிகிட்ட சொல்லிக்கிறேன்,” என்று சிரித்தார் வெண்டல்.

“தாடிக்காரன் சொன்னா நம்பிடுவாளாக்கும்,” என்றாள் டார்லிஸ். அவள் சிரிக்கவில்லை. தகட்டருகே போய் ஓரத்தில் அரத்தை இழுத்தாள். கடித்தது. இரண்டு விரல் அகலம் உள்ளே தள்ளி இழுத்தாள். அங்கேயும் கடித்தது.

பின்னால் வந்த லைல் தகட்டின் நடுவைத் தட்டிப் பார்த்தான். ஊரே அவள் தகடுகளுக்காகத்தான் வரும்.

“நடுவுல மட்டும் சுடுங்கன்னு சொல்லிடலாமே?”

“நடுவுலயே சுடத் தெரிஞ்சா போட்டி எதுக்கு லைல்?”

“தள்ளி நின்னு சுடட்டும்.”

“புள்ளகுட்டியோட வருவாங்க. கண்ணாடி போடாம ஒருத்தன் எட்டிப் பாப்பான். ஏணிய எடு.”

இருட்டுவதற்குள் எல்லாவற்றையும் இறக்கினார்கள். வேறு யாரும் எடுத்து மாட்டிவிடக் கூடாதென்று ஒவ்வொன்றையும் குறுக்கே பிளந்து போட்டாள்.

மறுநாள் தகடுகளுக்குப் பதிலாக வேலியோரம் பூசணிக்காய்களை வரிசையாக வைத்துச் சுட்டார்கள்.

“என்ன டார்லிஸ், சூப்பு வைக்கச் சொன்னாங்களா?” என்று ஒருவன் கத்தினான். எல்லாரும் சிரித்தார்கள். அவளும் கையசைத்தாள். கன்னத்தில் பிளாஸ்திரியோடு வெண்டல் மட்டும் சிரிக்கவில்லை.

மதியம் தீயணைப்புப் படைத் தலைவர் கஸ் தொப்பியைக் கையில் பிடித்தபடி வந்தார்.

“அடுத்த வருஷத்துக்குக் கடையிலயே வாங்கிடலாம்னு பேசிக்கிட்டோம் டார்லிஸ். உனக்கும் சிரமமில்ல பாரு.”

லைல் வாயைத் திறந்தான். தவறைக் கண்டதும் அவளே அல்லவா இறக்கிவைத்தாள்? உன் படையில் வேறு எவன் செய்வான்? கேட்பதற்குள் அவள் அவன் முழங்கையை அழுத்திப் பிடித்தாள்.

“சரி கஸ்,” என்றாள். “வெட்டுன ஓரத்தப் பாத்து வாங்குங்க.”

கஸ் தலையாட்டிவிட்டுப் போனார். லைலைப் பிடித்த கையை அவள் வெகுநேரம் விடவில்லை.