டபேதார் வீட்டுக் குளிர்

வேர்க்கிறதா குளிர்கிறதா என்பதை நமக்கெல்லாம் உடம்பு சொல்லிவிடும். என் அக்காள் ஜெயத்தின் கணவர் இராமதாஸ் மாமாவுக்கு மட்டும் அதை ஏசி மேல் எரிகிற எண் சொல்ல வேண்டும். அந்த எண்ணும் பதினெட்டாக இருக்க வேண்டும். பத்தொன்பது என்று எரிந்தால் அவருக்கு மானம் போய்விடும்.

எங்கள் ஊர் உப்பளம் பகுதியில் ஒரு அலுவலகத்தில் பெரிய அதிகாரியின் அறை வாசலில் குறுக்கே டவாலிப் பட்டை போட்டுக்கொண்டு நின்ற டபேதார் அவர். அந்த வேலையில் கேவலம் ஒன்றுமில்லை, எங்கள் அப்பா மூட்டை தூக்கித்தான் எங்களை வளர்த்தார். உள்ளே அதிகாரி சித்திரை வெயிலிலும் கோட்டு போட்டுக்கொண்டு உட்கார்ந்திருப்பாராம். ஏசி எப்போதும் பதினெட்டில் ஓடுமாம். இவர் ஃபைலோடு கதவைத் திறக்கும்போது அந்தக் குளிர் முகத்தில் அடிக்கும், கதவை மூடினால் திரும்பவும் வராந்தா வெக்கை. முப்பது வருஷம் அப்படி நின்றவர், பெரிய மனிதன் என்றால் பதினெட்டு டிகிரி என்று முடிவு கட்டிவிட்டார். ஓய்வு பெற்ற கையோடு முத்தியால்பேட்டை வீட்டின் ஒரே படுக்கையறையில் ஏசி மாட்டினார். அன்றிலிருந்து தன்னை யாராவது, அந்தக் காலத்துப் பிரெஞ்சுத் துரைகளைக் கூப்பிட்டது போல, ‘முசே’ என்று கூப்பிட மாட்டார்களா என்றும் ஏங்க ஆரம்பித்தார். டீக்கடைக்காரர் ஒருவர்தான் கூப்பிடுவார், அதுவும் கேலிக்கு. இவர் அதற்கும் தலையை ஆட்டுவார்.

வீட்டுக்கு யார் வந்தாலும் அந்த அறையில் கட்டில்மேல் உட்கார வைத்து, “பாத்தியா, பதினெட்டு!” என்று காட்டுவார். வந்தவர் நடுங்கினால் அவருக்குப் பரம திருப்தி. அக்காவுக்கோ முட்டிவலி. நாலு கோடைகளாக இரண்டு போர்வையைத் தலையோடு இழுத்து மூடிக்கொண்டுதான் தூங்குகிறாள். ஹாலில் படுக்கிறேன் என்று ஒரு தடவை கேட்டாள்.

“ஏசி இருக்கற வூட்ல பொண்டாட்டி ஹால்ல படுத்தா நாலு பேரு என்னா நெனப்பான்?”

அதோடு அவள் வாயை மூடிக்கொண்டாள். வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருக்கிறாய் என்று நானே அவளைத் திட்டியிருக்கிறேன்.

இந்த மே மாதம், கத்திரி வெயில் உச்சத்தில், அவர்களுடைய ஒரே மகள் ஹேமலதா தலைப்பிரசவத்துக்கு வந்தாள். பெண் குழந்தை பிறந்தது. எங்கள் பக்கம் பிள்ளை பெற்றவள் மூன்று மாதமாவது தாய்வீட்டில் இருந்து, உடம்பு தேறித்தான் புகுந்த வீட்டுக்குப் போவாள். பாதியில் கிளம்பினால் தாய்வீட்டுக்கு அதைவிடத் தலைகுனிவு கிடையாது. என்ன குறை வைத்தார்களோ என்று ஊர் வாயில் போட்டு மெல்லும். ஆகவே அக்கா அந்த மூன்று மாதத்துக்காகப் பூண்டு, மிளகு, கருவாடு என்று பார்த்துப் பார்த்து வாங்கி வைத்திருந்தாள். அவளுக்கு இருந்த ஒரே ஆசை, மகளும் பேத்தியும் அந்த வீட்டில் நிம்மதியாக இருந்துவிட்டுப் போக வேண்டும் என்பதுதான்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பும்போதே டாக்டரம்மா, “ஏசிய இருபத்தாறுல வைங்க, காத்து குழந்தமேல நேரா அடிக்கக் கூடாது” என்று சொல்லி அனுப்பினார். மாமா அதைக் கேட்டு மண்டையை ஆட்டினார். வீட்டுக்கு வந்ததும் பதினெட்டில் வைத்தார்.

“அப்பா, டாக்டர் சொன்னாங்களே...”

“இருபத்தாறுன்னா அது ஏசியே இல்ல, ஃபேனு. எம் பேத்தி ராணி மாதிரி வளரணும்.”

ராணி தும்மினாள். அவள் கால்கள் ஐஸ் போல இருந்தன. ஹேமலதாவுக்குத் தையல் போட்ட இடம் குளிரில் விண்விண் என்று வலித்தது. ரிமோட்டோ மாமாவின் சட்டைப் பையில். அவர் கடற்கரைக்கு நடக்கப் போகும்போது அதையும் எடுத்துக்கொண்டுதான் போவார். கடலுக்கா ஏசி போடப் போகிறார்? அப்படி ஒரு பிறவி.

ஒரு நாள் அவர் குளிக்கப் போன நேரம் பார்த்து ஹேமலதா ரிமோட்டை எடுத்தாள். இருபத்தாறில் வைத்து, ஃபேனை மெதுவாகச் சுழலவிட்டு, ஏசி மேல் எண் எரியாதபடி அந்த வெளிச்சத்தையும் அணைத்துவிட்டாள். ரிமோட்டைத் திரும்பச் சட்டைப் பையில் போட்டாள். குளித்துவிட்டு வந்த மாமா கட்டிலில் மல்லாந்தார். “ஆகா, இதாண்டா குளுரு!” என்றார். இரண்டு நிமிஷத்தில் குறட்டை. அன்றுதான் குழந்தையும் வயிறாரக் குடித்துவிட்டு அசந்து தூங்கியது. ஒத்தாசைக்கு வந்திருந்த நானும் அக்காவும் ஹாலில் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தோம்.

அவர் எழுந்ததும் ஹேமலதா நல்ல எண்ணத்தில்தான் சொன்னாள்.

“பாத்தீங்களா, இருபத்தாறுலயே எவ்ளோ நல்லாத் தூங்கனீங்க. இப்டியே வச்சிக்கலாம்பா.”

தூங்கிய மனிதன் சந்தோஷப்பட வேண்டியதுதானே? அவருக்கு முகம் கறுத்துவிட்டது. “என்னைய ஏமாத்துறீங்களா? என் வூடு, என் ஏசி!” என்று கத்திக்கொண்டே பதினாறுக்குக் கொண்டுபோனார். பெற்ற மகளையும் பச்சைக் குழந்தையையும் விறைக்க வைத்துத் தன் கௌரவத்தைக் காப்பாற்றிக்கொண்ட ஆண்பிள்ளையை நான் அன்றுதான் பார்த்தேன்.

பச்சைக் குழந்தையைக் கொளுத்தும் ஹாலில் போட முடியாமல் ஹேமலதா அதை மார்போடு அணைத்தபடி அந்த அறையிலேயே கிடந்தாள். மறுநாள் காலை குழந்தைக்கு மூக்கடைத்துப் பால் குடிக்க முடியவில்லை. ஹேமலதா அழவில்லை. புருஷனுக்குப் போன் போட்டாள். வெற்றிவேல் அரியாங்குப்பத்திலிருந்து ஆட்டோவோடு வந்தான். “நான் கூட்டிட்டுப் போறேன் மாமா” என்று சொல்லிவிட்டுப் பையைத் தூக்கினான். அக்கா முகத்தை முந்தானையால் மூடிக்கொண்டு அவர்களோடு ஆட்டோவில் ஏறினாள். சம்பந்தி வீட்டில் போய்த் தங்கி மகளுக்குப் பத்தியம் போடுகிற அவமானம் அவளுக்குத்தான். எதிர்வீட்டு மாலா வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவோ, “நல்லா இருந்த எடத்துல இருக்கத் தெரியல” என்று முணுமுணுத்தபடி அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அரியாங்குப்பத்திலும் ஏசி இருந்தது. வெற்றிவேலின் அம்மா சின்னப்பாப்பா ரிமோட்டை மருமகள் கையில் கொடுத்துவிட்டார்.

“எனக்கு இந்த எழவெல்லாம் தெரியாதும்மா. ஒனக்கும் புள்ளைக்கும் எப்டித் தோதோ அப்டி வச்சிக்க.”

இருபத்தாறும் ஃபேனும் தோதாக இருந்தன. ஒரு வாரத்தில் குழந்தைக்கு மூக்கு சரியாகிவிட்டது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை நான் குழந்தையைப் பார்க்கப் போயிருந்தபோது மாமா வந்தார். கையில் ஒரு பை. சரி, மனிதனுக்குப் புத்தி வந்துவிட்டது, மன்னிப்புக் கேட்டு அழைத்துப் போகத்தான் வந்திருக்கிறார் என்று நினைத்தேன். அக்காவும் அப்படித்தான் நினைத்தாள். அவள் எழுந்து நின்றதிலேயே தெரிந்தது. மாமா பையைப் பிரித்தார். உள்ளே குழந்தைக்கு ஒரு கம்பளி ஸ்வெட்டர், குல்லா, கால் உறை.

“காந்தி வீதிச் சந்தை முச்சூடும் அலைஞ்சேன். இந்த வெயில்ல எவன் கம்பளி விக்கறான்? ஒருத்தன் பழைய ஸ்டாக்க நோண்டி எடுத்துக் குடுத்தான்” என்றார் பெருமையாக. “இனிமே கவலையில்ல. இத மாட்டிட்டா புள்ளைக்குக் குளுராது. கெளம்புங்க போவலாம்.”

சின்னப்பாப்பா ஸ்வெட்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டு, சம்பந்தி என்ற மரியாதைக்காகச் சிரிப்பை அடக்கிக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார். எனக்குச் சிரிப்பு வரவில்லை, காறித் துப்பத்தான் தோன்றியது. ஏசியில் ஒரு பொத்தானை எட்டுத் தடவை அழுத்த மனம் வராதவர், அதற்குப் பதில் உச்சி வெயிலில் ஊர் சுற்றியிருக்கிறார்!

ஹேமலதா குழந்தையைத் தோளில் மாற்றிப் போட்டுக்கொண்டாள்.

“வேணாம்பா. மார்கழில வரோம்.”

மாமாவுக்குச் சுருக்கென்று பட்டிருக்க வேண்டும். மகளை விட்டுவிட்டு மனைவியின் பக்கம் திரும்பினார். “நீயாவது வாடி. வூட்ல தனியாக் கெடக்குறேன்.”

அக்கா அந்தச் சின்ன ஸ்வெட்டரை வாங்கி விரித்துப் பார்த்தாள். கம்பளியைக் கன்னத்தில் வைத்தும் பார்த்தாள். பிறகு அழகாக மடித்து அவர் கையிலேயே கொடுத்தாள்.

“ஏங்க, நாலு வருஷமா ஒங்க பக்கத்துலயே படுத்து நடுங்கனனே,” என்றாள். “எனக்கு ஒண்ணு வாங்கணும்னு தோணவே இல்லியா?”