வசந்தாவின் தியரியும் பிய்ந்து போகாத நட்சத்திரமும்

வசந்தா இன்று காலை போய்விட்டாள். ஆர்.கே.புரத்திலிருந்து அவள் கணவர் போன் செய்தார். இன்னும் நம்ப முடியவில்லை...

தெரியாதவர்களுக்காக: தில்லியில் ஒரே ஆராய்ச்சிக் குழு, பக்கத்துப் பக்கத்து மேஜை. நான் டெலஸ்கோப் டேட்டா பார்ப்பவள். அவள், நியூட்ரான் நட்சத்திரத்துக்குள் என்ன இருக்கும் என்று கணக்குப் போடுபவள்.

அந்த வகை நட்சத்திரம் சூரியனைவிட எடை அதிகம், ஆனால் மொத்தமும் நம் தில்லிக்குள் அடங்கிவிடும். அதில் சில, ஒரே விநாடியில் நூற்றுக்கணக்கான தடவை சுழல்கின்றன. இத்தனை வருடம் கழித்தும் இதை டைப் செய்யும்போது எனக்குப் புல்லரிக்கிறது.

அந்த வேகத்தில், நட்சத்திரம் உப்பலாக இருந்தால் விளிம்பு பிய்த்துக்கொண்டு போய்விடும். பிய்யாமல் சுழல்கிறது என்றால் அது உப்பலாக இல்லை. உப்பல் என்று சொன்ன தியரி அதோடு காலி.

யாருடைய தியரி காலியோ அவர் எல்லோருக்கும் ஜிலேபி வாங்க வேண்டும், மற்றவர்கள் 'அச்சச்சோ' சொல்லக் கூடாது. இது எங்கள் குழு வழக்கம்.

வசந்தாவின் முதல் தியரி அப்படித்தான் போனது. கரோல் பாக்கிலிருந்து மெட்ரோவில் சுடச்சுட டப்பாவோடு வந்தாள். என்ன விசேஷம் என்று கேட்ட பக்கத்து சீட் பெண்மணிக்கும் ஒன்று கொடுத்து, "மேரி தியரி கதம், ஆன்ட்டிஜி", என் தியரி முடிந்தது, என்றாளாம். அந்த அம்மா இவள் தலையில் கைவைத்து ஆசீர்வாதம் செய்தாராம்!

அப்புறம் புதிதாக ஒன்று தொடங்கினாள். ஆஸ்பத்திரிக் கட்டிலிலும் லேப்டாப்போடு அதே வேலை...

போன வாரம், வேகமாகச் சுழலும் ஒரு நட்சத்திரத்தின் அளவு எங்களுக்கு முன்பைவிடத் துல்லியமாகக் கிடைத்தது. அவள் கணக்குச் சொன்னதைவிடச் சின்னது. இந்த நிலைமையில் சொல்ல வேண்டாம் என்றார்கள் எல்லோரும்.

நான் போனேன். என் முகத்தைப் பார்த்ததுமே, "ஏட்டி மீனா, நம்ம தியரி போச்சா?" என்றாள்.

"போச்சு வசந்தா."

"எவ்ளோ சின்னது?"

சொன்னேன். திரும்பச் சொல்லச் சொன்னாள். சோர்ந்து கிடந்த கண் அப்படி விரிந்ததை நான் பார்த்தேன்.

"அம்மாடி... அவ்ளோ சின்னதுக்குள்ள என்னதான்ட்டி இருக்கு?"

அன்று முழுக்க அதையேதான் பேசினோம். அதற்கப்புறம் தன் தியரியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

என்ன இருக்கிறது என்று இன்னும் தெரியவில்லை, வசந்தா. தெரிகிற அன்றைக்கு உன் நம்பருக்குத்தான் முதலில் போன் போடுவேன் போலிருக்கிறது...

போய் வாட்டி.