கப்பல் வேலைக்கு மூன்று லேபிள்கள்

பசுமலையில் வெளிநாட்டுக்காரர்கள் தங்கும் ஓட்டல் ஒன்றில் என் மாமா பரிமாறுகிற வேலையில் இருந்தார். அம்மாவின் தம்பி, எங்களோடுதான் இருந்தார். காலையிலும் இரவிலும் டூட்டி, மதியம் மூன்று மணிக்கு இடைவேளை. வீட்டுக்கு வந்து ஷூவைக் கழற்றிய கையோடு சுவரில் சாய்ந்துவிடுவார். அப்படிச் சாய்ந்தபடியேதான் அவர் கப்பல் வேலைக்குப் படித்தார்.

பயணிகள் கப்பலில் பரிமாறுகிற வேலை, சென்னையில் இண்டர்வியூ. பிரெஞ்சு ஒயின் பாட்டிலின் லேபிளைப் பார்த்துத் தரம் சொல்லத் தெரிய வேண்டுமாம். அதற்காகக் காலி பாட்டில்களைத் தண்ணீரில் ஊறவைத்து, லேபிளை உரித்துக் கொண்டுவருவார்.

"சாமி படம் இருக்கிற வீட்டுல இந்தக் கருமத்தக் காயப்போட்டிருக்கான் பாரு" என்பார் அம்மா.

"வெறும் காயிதம்க்கா. மோந்து பாரு, வாடையே இல்ல."

"நான் ஏண்டா மோந்து பாக்கணும்?"

கேள்வி கேட்பது என் பொறுப்பு. எனக்குப் பத்து வயது. எதையும் கட்டம் போட்டு எழுதினால்தான் நிம்மதி. லேபிளில் பெரும்பாலும் திராட்சையின் பெயர் இருக்காது, இடத்தின் பெயர்தான் இருக்கும். இடத்தைச் சொன்னால் என்ன திராட்சை, எப்படிச் செய்தது என்பதெல்லாம் சட்டப்படி அதிலேயே அடக்கம் என்று மாமா சொல்லியிருந்தார். அவர் கொண்டுவந்ததில் மூன்று பெயர்கள். போர்தோ, பெரிய வட்டாரம். அதற்குள் மெதோக். அதற்குள் போயாக், ஒரு சின்ன ஊர்.

"இதுல எது ஒசத்தி மாமா?"

"நீயே வரிசையாப் போடு பாப்பா. எனக்குக் கண்ணச் சொருகுது."

போட்டேன். சமூக அறிவியலில் மாநிலம், மாவட்டம், கிராமம் என்று படித்த அதே வரிசை. உயர்ந்தது போர்தோ, நடுவில் மெதோக், கடைசி போயாக். மாமா இரண்டு வாரம் அதைப் பாராமல் ஒப்பித்தார். ஒரு பெயர் இடம் மாறினாலும் நான் விடவில்லை.

பிரெஞ்சுக்காரர்களின் விதி நேர்மாறானது. பெயரில் உள்ள இடம் சிறுக்கச் சிறுக்கக் கட்டுப்பாடு கூடும், மதிப்பும் கூடும். படித்து, வேலைக்குப் போய், அலுவலக விருந்தொன்றில் கைக்கு வந்த ஒயின் பட்டியலைப் பார்த்தபோதுதான் எனக்கு அது தெரிந்தது.

இண்டர்வியூவில் மூன்று பாட்டில்களை மேசையில் வைத்து, சாதாரணத்திலிருந்து உசத்தி வரை அடுக்கச் சொன்னார்களாம். மாமா தயங்காமல் அடுக்கினாராம். ஊர் திரும்பிய மதியம் அவ்வளவுதான் சொன்னார்.

"பெறகு?" என்றார் அம்மா.

"உயரம் பத்தலையாம்க்கா."

"நீ என்ன குட்டையா? போறானுக, விடு. சோறு போடவா?"

"வேணாம். டூட்டிக்குப் போகணும்."

கப்பல்காரர்கள் மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. அடுத்த முறைக்கு ஆகட்டும் என்று, அதே பட்டியலை ஸ்கேல் வைத்துக் கோடு போட்டுப் புதிதாக எழுதிக் கொடுத்தேன். மாமா வெகுநேரம் அதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எல்லாம் சரியா இருக்கா மாமா?"

"அம்புட்டும் சரியாத்தேன் இருக்கு பாப்பா."

மடிப்பதற்கு முன் இன்னொரு தடவை படித்தார். கடைசி வரியில் விரலை வைத்து, மெதுவாக மேல்நோக்கி நகர்த்திக்கொண்டே. களைத்துப்போனால் பெரியவர்கள் அப்படித்தான் படிப்பார்கள் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன்.